ஆயுள் தொகுதி எதுவும் இல்லை: ஸ்காட்லாந்தின் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

வெஸ்ட்மின்ஸ்டரில் ஸ்காட்லாந்தின் சார்பில் அமர்ந்திருக்கும் 57 உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நான் டண்டீ நகரத்தின் வாக்காளன். தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவன். பதினெட்டு ஆண்டுகளாக இந்த ஊரில் வாழ்கிறேன். காமன்வெல்த் நாட்டுக் குடிமகன் என்பதால் எனக்கு இங்கே வாக்கு உண்டு. இதுவரை ஒரு தேர்தலையும் தவறவிட்டதில்லை. இந்த மடலைத் தமிழில் எழுதக் காரணம் இருக்கிறது. நான் சொல்லப்போவதில் ஒரு பங்கு உங்கள் ஊர்களுக்குச் சொந்தம். இன்னொரு பங்கு சென்னைக்கும் திருநெல்வேலிக்கும் சொந்தம். இரண்டையும் தடுமாறாமல் சொல்ல எனக்கு வாய்த்த மொழி இதுதான். ஆங்கிலச் சுருக்கம் உங்களுக்குத் தனியே தபாலில் வரும்.

சில மாதங்களுக்கு முன் உங்களில் ஒருவருடைய தொகுதி அலுவலகத்தில் ஒரு மனுவோடு காத்திருந்தேன். சுவரெங்கும் உறுப்பினர் கைகுலுக்கும் படங்கள். மேசையில் இருந்த இளைஞரிடம், "இந்தத் தொகுதியில் இவருக்கு முன்னால் யார் யார் இருந்தார்கள்?" என்று கேட்டேன். முந்தைய உறுப்பினரின் பெயரைச் சொன்னார். அதற்கும் முன்னால்? அவருக்குத் தெரியவில்லை. அவர் மீது எனக்குக் குறையில்லை. ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அது மனத்தை அறுத்துக்கொண்டே இருந்தது. ஒரு கோயிலுக்குப் போனால்கூட யார் கட்டினார், யார் புதுப்பித்தார், யார் விளக்குக்கு ஆடு விட்டார் என்று கல்லில் எழுதியிருக்கும். மக்கள் வாக்கால் நிற்கும் ஓர் இடத்தில் ஒரு வரிகூட இல்லை.

நான் கேட்பது இதுதான். 1900ஆம் ஆண்டுத் தேர்தல் முதல் 1922ஆம் ஆண்டுத் தேர்தல் வரை உங்கள் தொகுதியின் கதையை எழுதி, உங்கள் அலுவலகத்தின் வாசலில், வருகிறவர் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டுங்கள். ஏன் அந்த இருபத்திரண்டு ஆண்டுகள் என்று கேட்பீர்கள். தொகுதி என்பது தலைவர்களின் சொத்தாக இருந்து, அங்கே வாழ்கிறவர்களின் கைக்கு வந்த காலம் அதுதான். அந்தக் கதை என் ஊரில் எப்படி நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

1908ஆம் ஆண்டின் வசந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் ஆஸ்க்வித் பிரதமரானார். முப்பத்து மூன்று வயது வின்ஸ்டன் சர்ச்சில் வர்த்தக வாரியத் தலைவராக அமைச்சரவைக்குள் வந்தார். அப்போது ஒரு சட்டம் இருந்தது: புதிதாக அமைச்சர் பதவி ஏற்பவர் தன் தொகுதிக்குத் திரும்பிப் போய் மறுபடி வாக்குக் கேட்க வேண்டும். சர்ச்சில் மான்செஸ்டருக்குப் போனார், தோற்றார். உடனே அவருடைய லிபரல் கட்சி ஸ்காட்லாந்தின் வரைபடத்தை விரித்தது. டண்டீ இரண்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் தொகுதி. ஓர் இடத்தில் கப்பல் தச்சர் சங்கப் பொதுச்செயலாளர் அலெக்சாண்டர் வில்க்கி இருந்தார். 1906இல் ஸ்காட்லாந்திலிருந்து வென்ற முதல் தொழிற்கட்சி உறுப்பினர்கள் இருவரில் அவர் ஒருவர். மற்ற இடத்தில் இருந்த லிபரல் உறுப்பினர் எட்மண்ட் ராபர்ட்சனுக்குப் பிரபு பட்டம் கொடுக்கப்பட்டது; அவர் பிரபுக்கள் அவைக்குப் போனார்; இடம் காலியானது. பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பெயர் லாக்கி. டண்டீயின் பெரிய சணல் ஆலை இருந்த பேட்டை அது. அந்த ஆலையின் புகைபோக்கி, 282 அடி உயரம், இன்றும் என் சமையலறைச் சன்னலிலிருந்து தெரிகிறது.

மே 9 அன்று வாக்குப்பதிவு. சர்ச்சிலுக்கு 7,079. எதிர்க்கட்சியான யூனியனிஸ்ட் அணியின் வேட்பாளர் பாக்ஸ்டருக்கு 4,370. தொழிற்கட்சியின் ஸ்டூவர்ட்டுக்கு 4,014. மதுவிலக்கு ஒன்றையே கொள்கையாகக் கொண்டு நின்ற உள்ளூர்க்காரர் எட்வின் ஸ்க்ரிம்ஜருக்கு 655. வாக்குப்பதிவுக்கு முன்பே சர்ச்சில் தன் தாய்க்கு எழுதிய கடிதத்தில், இது ஆயுள் முழுவதற்குமான தொகுதி, செலவும் குறைவு, சிரமமும் குறைவு என்று மகிழ்ந்திருந்தார். அந்த வாக்கியத்தை முதன்முதலில் படித்த அன்று நான் வெகுநேரம் நூலகத்திலேயே உட்கார்ந்திருந்தேன். யாருடைய ஆயுள்?

அந்த ஆண்டு டண்டீயில் வாழ்ந்தவர்களைப் பாருங்கள். வங்காளத்திலிருந்து கப்பலில் வந்த சணலைத் திமிங்கில எண்ணெய் தெளித்துப் பதப்படுத்தி, நூற்று, சாக்காக நெய்தார்கள். நம் ஊரில் நெல்லும் அரிசியும் கட்டிய சாக்குக்கு இந்த ஊரோடு உறவு உண்டு. ஆலைகளில் பெரும்பாலும் பெண்கள். ஆண் பிள்ளைகளுக்கு வயது ஏறி முழுக்கூலி கேட்கும் பருவம் வந்ததும் வேலை போய்விடும். பெண்களுக்குக் குறைந்த கூலி கொடுத்தால் போதும். மனைவி ஆலைக்குப் போக, கணவன் வீட்டில் இருந்து தேநீருக்கு வெந்நீர் வைத்தான். அப்படிப்பட்ட ஆண்களுக்குக் 'கெண்டி காய்ச்சுகிறவர்' என்றே இந்த ஊரில் பெயர். ஊருக்கே 'பெண்களின் ஊர்' என்று பெயர். இங்குள்ள சணல் அருங்காட்சியகத்தில் பழைய தறி ஒன்றை ஓட்டிக் காட்டுவார்கள். ஒரே ஒரு தறி. பக்கத்தில் நின்ற என் மகள் காதைப் பொத்திக்கொண்டாள். நூற்றுக்கணக்கான தறிகள் நடுவே நின்ற பெண்களுக்குக் காது போயிற்று. உதட்டசைவையும் கைச்சாடையையும் வைத்துத்தான் பேசிக்கொண்டார்கள். அந்த ஊரைத் தூக்கி நிறுத்திய அவர்களில் ஒருவருக்கும் 1908இல் நாடாளுமன்ற வாக்கு கிடையாது. ஆண்களிலும் வீட்டு வரி கட்டத் தவறியவர், ஏழை நிதியில் உதவி வாங்கியவர், வேலை தேடி வீடு மாறிக்கொண்டே இருந்தவர் என்று பலருக்குப் பட்டியலில் இடமில்லை.

எனவேதான் ஒரு கைமணியின் கதை எனக்கு முக்கியமாகப் படுகிறது. மேரி மலோனி என்ற வாக்குரிமைப் போராளி கையில் பெரிய மணி ஒன்றை எடுத்துக்கொண்டு, சர்ச்சில் பேசிய திறந்தவெளிக் கூட்டத்துக்கு வந்தார். பெண்களின் இயக்கத்தைப் பற்றிச் சொன்னதற்கு மன்னிப்புக் கேளுங்கள் என்றார். சர்ச்சில் வாயைத் திறக்கும்போதெல்லாம் மணியை அடித்தார். கடைசியில் அமைச்சர் பேச்சைக் கைவிட்டுப் போனார். நாடாளுமன்றத்தின் பதிவேட்டில் டண்டீ 1908 என்றால் ஒரு பெயர்தான். என் கணக்கில் இரண்டு.

அதே ஆண்டு இறுதியில் இன்னொரு வாசல் அடைக்கப்பட்டது. அப்போது ஸ்காட்லாந்தின் பல்கலைக்கழகங்களுக்கென்றே தனித் தொகுதிகள் இரண்டு இருந்தன; பட்டதாரிகளே வாக்காளர்கள். எடின்பரோவில் பட்டம் பெற்ற பெண்கள், 'சட்டத்தில் நபர் என்றுதானே இருக்கிறது, நாங்கள் நபர்கள் இல்லையா' என்று வழக்குப் போட்டார்கள். அவர்களில் ஒருவரான கிறிஸ்டல் மக்மில்லன், அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை வரை போய்த் தானே எழுந்து நின்று வாதாடினார். அந்தச் சட்டத்தில் வரும் 'நபர்' என்ற சொல் பெண்ணைக் குறிக்காது என்று தீர்ப்பு வந்தது. கணிதமும் தத்துவமும் படித்துப் பட்டம் வாங்கியவர் அவர். அவரை நபர் என்று எண்ணாத தொகுதிக்கும் ஒரு பக்கம் எழுதப்பட வேண்டும். பல்கலைக்கழகத் தொகுதிகளே 1950இல் ஒழிந்துவிட்டாலும்கூட.

இப்போது டண்டீயிலிருந்து கொஞ்சம் வெளியே வாருங்கள். அன்றைய ஃபோர்ஃபார்ஷயர், இன்று ஆங்கஸ் என்று சொல்கிறீர்களே, அந்த மாவட்டத்தில் மட்டும் மூன்று தொகுதிகள் இருந்தன. ஒன்று டண்டீ. இன்னொன்று மான்ட்ரோஸ் நகரங்கள். மூன்றாவது, கிராமப்புறத்தைச் சேர்த்த ஃபோர்ஃபார்ஷயர் மாவட்டத் தொகுதி.

நகரத் தொகுதி என்ற ஏற்பாட்டை இன்றைய வாசகர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். பழைய உரிமைச் சாசனம் பெற்ற சிற்றூர்களை, அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரத்தில் இருந்தாலும், மணிகளைப் போல ஒரே நூலில் கோத்து ஓர் உறுப்பினரைக் கொடுத்தார்கள். இடையிலுள்ள வயல்வெளி வேறு தொகுதி. விக் நகரங்கள் என்ற தொகுதியில் வடமுனையின் விக், கடல் தாண்டி ஆர்க்னித் தீவின் கிர்க்வால், தெற்கே குரோமார்ட்டி எல்லாம் சேர்ந்திருந்தன. ஏர் நகரங்கள் தொகுதியில் ஏர், இர்வின் இரண்டும் ஒரு கரையில். கேம்பல்டவுன், இன்வரேரி, ஓபன் மூன்றும் கடலுக்கு அப்பால். உறுப்பினர்களுக்குச் சம்பளம் வந்ததே 1911இல்தான், ஆண்டுக்கு 400 பவுண்டு. அதற்கு முன் இந்த ஊர்களுக்கெல்லாம் கப்பலேறிப் போய் வரவே சொந்தப் பணம் வேண்டும்.

மான்ட்ரோஸ் நகரங்கள் தொகுதியில் மான்ட்ரோஸ், ஆர்ப்ரோத், பிரீக்கின், ஃபோர்ஃபார், பெர்வி ஆகிய ஐந்து ஊர்கள். மீன் புகைபோடும் ஊர், துணி நெய்யும் ஊர், துறைமுக ஊர். இந்த ஐந்து சிற்றூர்களின் உறுப்பினராக 1896 முதல் இருந்தவர் ஜான் மார்லி. இங்கிலாந்துக்காரர், நியூகாசிலில் தோற்று இங்கே வந்தவர். 1905 டிசம்பரில் அவர் இந்தியாவுக்கான அமைச்சரானார். ஆம், முப்பது கோடி மக்களின் தலைவிதிக்குப் பொறுப்பான மனிதர் வாக்குக் கேட்க வேண்டியிருந்தது ஆர்ப்ரோத் மீனவரிடமும் பிரீக்கின் நெசவாளரிடமும்தான். இந்தியர் ஒருவரிடமும் அவர் வாக்குக் கேட்க வேண்டியதில்லை. வங்கப் பிரிவினை முடிந்துபோன விஷயம் என்று அவர் சொன்னபோது, அந்த வங்காளத்தின் சணல் அவர் தொகுதிக்குப் பக்கத்திலேயே, டண்டீத் துறைமுகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

1908 மார்ச் 12 அன்று தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் விட்ட வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கைது செய்யப்பட்டார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது; துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். அந்த நாளில் இந்தியாவுக்கான அமைச்சர் மான்ட்ரோஸ் நகரங்களின் உறுப்பினர். மே மாதம் அவருக்கும் பிரபு பட்டம் வந்தது; தொகுதியை விட்டார்; அமைச்சர் பதவியை விடவில்லை. ஜூலையில் வ. உ. சி.க்கு ஆயுள் தண்டனை. மார்லி அந்தத் தண்டனைகளைக் கேட்டுத் திடுக்கிட்டார், வைசிராய் மின்டோவுக்கு எழுதிய கடிதத்தில் திருநெல்வேலித் தீர்ப்பை நியாயப்படுத்தவே முடியாது என்றார். அந்த வேதனை உண்மையானது என்றே நம்புகிறேன். அவர் எழுத்தைப் படித்தவன் நான். ஆனால் மார்ச்சுக்கும் ஜூலைக்கும் இடையில் ஒன்று நடந்துவிட்டது. பிரீக்கின் சந்தைத் தெருவில் ஒரு நெசவாளி எழுந்து, "ஐயா, திருநெல்வேலியில் நான்கு பேர் ஏன் செத்தார்கள்?" என்று கேட்கக்கூடிய கடைசி வாய்ப்பும் போயிற்று. அமைச்சருக்குத் தொகுதி இல்லை. தொகுதி இல்லாதவரிடம் யார் கேட்பது?

அப்படி ஒரு நெசவாளி கேட்டிருப்பாரா என்று நீங்கள் ஐயப்படலாம். பான்ஃப்ஷயர் வாக்காளர்களை நினைத்துப் பாருங்கள். 1893 முதல் 1900 வரை அவர்களின் உறுப்பினர் சர் வில்லியம் வெடர்பர்ன். இந்திய தேசிய காங்கிரசுக்கு 1889இல் தலைமை தாங்கியவர். 1910இல் மறுபடியும் தலைமை தாங்கியவர். நாடாளுமன்றத்தில் இந்தியாவுக்காகப் பேசும் குழுவை நடத்தியவர். வடகிழக்கு ஸ்காட்லாந்தின் மீனவரும் உழவரும் அப்படிப்பட்ட ஒருவரை அனுப்பிவைத்தார்கள். பான்ஃப் ஊர் அடங்கிய தொகுதியின் இன்றைய உறுப்பினரே, அவர் பெயர் உங்கள் அலுவலகத்தில் எங்காவது இருக்கிறதா?

மூன்றாவது தொகுதிக்கு வருகிறேன். எனக்கு மிக நெருக்கமானதும், எழுதக் கடினமானதும் அதுதான். 1897 முதல் 1909 வரை ஃபோர்ஃபார்ஷயரின் உறுப்பினர் ஜான் சின்க்ளேர். பிரதமர் கேம்பல்-பேனர்மேனுக்கு வலக்கை போன்றவர். 1905 முதல் ஸ்காட்லாந்துக்கான அமைச்சர். சிறு குத்தகை உழவர்களை நிலச்சுவான்தார் வெளியேற்ற முடியாதபடி ஒரு சட்டம் கொண்டுவர அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. பிரபுக்கள் அவை முட்டுக்கட்டை போட்டுக்கொண்டே இருந்தது, அவர் விடவில்லை. 1911இல் சட்டம் நிறைவேறியது. உழவரின் வழக்கைக் கேட்க ஸ்காட்லாந்துக்கென்று தனி நில நீதிமன்றமே பிறந்தது. காவிரிக் கரைக் குத்தகைக்காரர் குடும்பத்திலிருந்து வந்தவன் நான். அந்தச் சட்டத்தின் அருமை எனக்குத் தெரியும். குத்தகை நிலத்தில் நாளை இருப்போமா என்ற பயத்தோடு நாற்று நடுவது எப்படி என்று என் தாத்தா சொல்லியிருக்கிறார்.

இந்த ஜான் சின்க்ளேர்தான் பிறகு பென்ட்லண்ட் பிரபு. 1912 முதல் 1919 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநர். துறைமுகக் கணக்கராக இருந்த ராமானுஜன் கேம்பிரிட்ஜ் போவதற்கு ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை ஒப்புதல் பெற்றது அவருடைய ஆட்சியில். அதையும் சொல்ல வேண்டும், சொல்கிறேன். 1917 ஜூனில் அன்னி பெசன்ட்டையும் தோழர்கள் இருவரையும் வழக்கு விசாரணை எதுவும் இல்லாமல் காவலில் வைத்ததும் அவருடைய ஆட்சியில்தான். உதகமண்டலத்து வீட்டில் இருந்தபடி எழுபதை நெருங்கிய அந்தப் பெண்மணி தன்னாட்சிக் கொடியை ஏற்றினார். மதுரையில் பிறந்து உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த முதியவர் எஸ். சுப்பிரமணிய ஐயர், அமெரிக்க அதிபர் வில்சனுக்கு நேரடியாகக் கடிதம் எழுதினார். அதற்காகக் கண்டிக்கப்பட்டபோது தன் சர் பட்டத்தையே துறந்தார்.

ஃபோர்ஃபார்ஷயர் உழவனுக்கு நில உரிமை வாங்கித் தர மூச்சைப் பிடித்துப் போராடிய அதே கை, சென்னையில் பேச்சுரிமை கேட்டவரை அடைத்துவைக்க உத்தரவில் கையெழுத்திட்டது. இரண்டையும் ஒரே மனிதர் செய்தார். ஒன்றில் அவருக்கு மேலே வாக்காளர்கள் இருந்தார்கள். மற்றொன்றில் இல்லை. இதற்கு மேல் எனக்கு வேறு விளக்கம் தெரியவில்லை. அவருக்கு முன் சில மாதங்கள் சென்னை ஆளுநராக இருந்த கார்மைக்கேல் பிரபுவும் பழைய ஸ்காட்லாந்து உறுப்பினர்தான். முன்னாள் பிரதமர் கிளாட்ஸ்டனுக்குப் பின் மிட்லோதியனில் வென்றவர். இந்தத் தொகுதிகளின் வரலாறு எங்கள் வரலாறும்தான் என்று நான் உரிமையோடு சொல்வது இதனால்.

வெளியாட்கள் ஸ்காட்லாந்தின் தொகுதிகளை ஆண்டார்கள் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டுப் போக நான் விரும்பவில்லை. அப்போதைய நிலவரம் அதைவிடக் குழம்பியது. கிழக்கு லோதியனில் பிறந்த பால்ஃபோர் மான்செஸ்டரின் உறுப்பினராக இருந்து பிரதமரானார். லாசிமவுத்தில் பிறந்த ராம்சே மெக்டொனால்ட் லெஸ்டரில் வென்றார். லனார்க்‌ஷயர் சுரங்கத்தில் வளர்ந்த கீர் ஹார்டியை 1888இல் மிட் லனார்க் நிராகரித்தது. லண்டனின் வெஸ்ட் ஹாமும் பிறகு வேல்சின் மெர்த்தரும் ஏற்றுக்கொண்டன. பிறந்த மண் ஒருவரை நல்ல உறுப்பினர் ஆக்கிவிடாது. கிளாஸ்கோவில் பிறந்த கேம்பல்-பேனர்மேன் ஸ்டர்லிங் நகரங்களுக்கு நாற்பது ஆண்டுகள், 1868 முதல் சாகும்வரை, உறுப்பினராக இருந்தார். தென்னாப்பிரிக்கப் போரில் பெண்களையும் குழந்தைகளையும் முகாம்களில் அடைத்ததைக் காட்டுமிராண்டி முறை என்று 1901இல் வெளிப்படையாகச் சொன்னார். போர் வெறி உச்சத்தில் இருந்த நேரத்தில். அவருக்குப் பின் அந்த இடத்துக்கு வந்த ஆர்தர் பான்சன்பி இங்கிலாந்துக்காரர். 1914 ஆகஸ்டில் போர் வேண்டாம் என்று அவையில் எழுந்து பேசினார். 1918இல் அதற்கான விலையைத் தோல்வியாகக் கொடுத்தார். அந்த இருவரையும் நான் ஒரே தட்டில் வைக்கிறேன்.

வந்து தங்கி, ஊரை அறியாமலே போனவர்கள்தான் என் வருத்தம். ஆஸ்க்வித் 1886 முதல் முப்பத்திரண்டு ஆண்டுகள் கிழக்கு ஃபைஃபின் உறுப்பினர். அதில் எட்டரை ஆண்டுகள் பிரதமர். 1918இல் அந்த மக்கள் அலெக்சாண்டர் ஸ்ப்ராட் என்பவருக்கு 8,996 வாக்குகளும், ஆஸ்க்வித்துக்கு 6,994 வாக்குகளும் கொடுத்தார்கள். இரண்டாண்டில் பெய்ஸ்லி அவருக்கு இடம் கொடுத்தது. 1924இல் அதுவும் கைவிட்டது. பெய்ஸ்லி என்றால் உங்களுக்கு அந்த வளைந்த துளி வடிவம் நினைவுக்கு வரும். நாங்கள் அதை மாங்காய் என்போம். காஞ்சிபுரம் சேலைக் கரையில் காலங்காலமாக இருக்கிறது. காஷ்மீர்ச் சால்வையைப் பார்த்து உங்கள் நெசவாளர்கள் நெய்தார்கள், உலகம் அதற்கு உங்கள் ஊர்ப் பெயரை வைத்துவிட்டது. பெய்ஸ்லி உறுப்பினருக்கு இதைத் தனியாகச் சொல்லிக்கொள்கிறேன்.

டண்டீ 1922 நவம்பரில் தீர்ப்புச் சொன்னது. இப்போது முப்பது வயதைத் தாண்டிய ஆலைப் பெண்களில் பலருக்கு வாக்கு இருந்தது. ஏழை ஆண்களுக்கும் இருந்தது. ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்கு. 1908இல் 655 வாக்கு வாங்கிய ஸ்க்ரிம்ஜர், ஐந்து முறை தோற்ற பிறகு, 32,578 வாக்குகளோடு முதலிடம். தொழிற்கட்சியின் மாரல் 30,292. குடல்வால் அறுவைச் சிகிச்சை முடிந்து நிற்கக்கூட முடியாத நிலையில் நாற்காலியில் தூக்கிவரப்பட்ட சர்ச்சிலுக்கு 20,466, நான்காம் இடம். ஆயுள் தொகுதி பதினான்கு ஆண்டுகளில் முடிந்தது.

தோல்விக்குப் பின் சர்ச்சில் நண்பர் ஒருவருக்கு எழுதினார்: டண்டீ மக்கள் எத்தகைய வாழ்க்கை வாழ வேண்டியிருக்கிறது என்பதைப் பார்த்தால், அவர்கள் செய்ததற்குக் காரணங்கள் உண்டு என்று ஒப்புக்கொள்வீர்கள் என்று. பெருந்தன்மையான வாக்கியம்தான். ஆனால் பதினான்கு ஆண்டுகள் அவர்களின் உறுப்பினராக இருந்தவர் அவர். அந்த வாழ்க்கையைப் பார்க்கும் பொறுப்பும் மாற்றும் அதிகாரமும் அவருக்கு இருந்தன. மார்லியின் கடிதமும் இந்தக் கடிதமும் என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. இரண்டும் உண்மையை அறிந்தவர்கள் எழுதியவை. இரண்டும் காலம் கடந்து, வாக்காளர் இல்லாத இடத்திலிருந்து எழுதப்பட்டவை.

அதே தேர்தலில் கிளாஸ்கோவின் பதினைந்து இடங்களில் பத்தைத் தொழிற்கட்சி வென்றது. புனித ஈனாக் ரயில் நிலையத்தில் கூடிய கூட்டம் விவிலியச் சங்கீதங்களைப் பாடி அவர்களை லண்டனுக்கு வழியனுப்பியது. பிரிட்ஜ்டனின் ஜேம்ஸ் மேக்ஸ்டன் அடுத்த ஆண்டு, தாய்சேய் நலத்துக்கான மானியத்தை வெட்டியது கொலை என்று அவையில் முழங்கி, சொன்னதைத் திரும்பப் பெற மறுத்து, மூன்று தோழர்களோடு இடைநீக்கம் செய்யப்பட்டார். ஷெட்டில்ஸ்டனின் ஜான் வீட்லி, சிறுவயதில் சுரங்கத்துக்குள் இறங்கியவர், 1924இல் சுகாதார அமைச்சராகி நகராட்சிகள் வாடகை வீடு கட்ட மானியச் சட்டம் கொண்டுவந்தார். வீட்டுக்கு ஆண்டுக்கு ஒன்பது பவுண்டு, நாற்பது ஆண்டுகளுக்கு. அந்தச் சட்டத்தின் பலத்தில் கட்டப்பட்ட வீடுகள் சுமார் ஐந்து லட்சம். ஸ்காட்லாந்து மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஓர் அறை, இரண்டு அறை வீடுகளில் நெருங்கிக் கிடந்த காலம் அது. அமைச்சராக அவர் இருந்தது ஓராண்டுகூட இல்லை. அவர் தெருவை அறிந்திருந்தார், அவ்வளவுதான்.

எனவே என் கோரிக்கையைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு விஷயங்கள் இருக்கட்டும். அன்று தொகுதியில் அடங்கிய ஊர்களின் பெயர்கள். போட்டியிட்ட எல்லோருடைய பெயரும் வாக்கும், தோற்றவர்களுடையதும். அன்று வாக்கு இல்லாமல் அந்த ஊரில் உழைத்தவர்கள் யார் என்பது. கடைசியாக, உறுப்பினர் அமைச்சராகவோ ஆளுநராகவோ போய் வேறு மக்களுக்கு என்ன செய்தார் என்பது, நல்லதும் கெட்டதும். வாழ்க்கை வரலாறு வேண்டாம், படம்கூட வேண்டாம்.

இன்னொன்றும் கேட்கிறேன். புதிய அமைச்சர் மறுபடி தன் தொகுதியில் வாக்குக் கேட்க வேண்டும் என்ற பழைய விதி 1926இல் அடியோடு நீக்கப்பட்டது. அது திரும்பி வராது என்று தெரியும். ஆனால் உங்களில் யாராவது அமைச்சரானால், அந்த மாதமே உங்கள் தொகுதியின் ஒரு மண்டபத்தில் கதவைத் திறந்துவைத்து, எந்த நாட்டைப் பற்றிய கேள்வியானாலும், வருகிறவர் கேட்கும்வரை நின்று பதில் சொல்லுங்கள். அதற்குச் சட்டம் எதுவும் தேவையில்லை.

டண்டீக்கான பக்கத்தை நான் எழுதி முடித்துவிட்டேன். மே 9, 1908 என்று தொடங்குகிறது. சர்ச்சிலின் பெயர் இருக்கிறது, வில்க்கியின் பெயர் இருக்கிறது, 655 வாக்கு வாங்கியவரின் பெயர் இருக்கிறது, மணி அடித்தவரின் பெயரும் இருக்கிறது. ஆலைப் பெண்களின் பெயர்களை நகர ஆவணக் காப்பகத்தின் கூலிப் பதிவேடுகளில் தேடிக்கொண்டிருக்கிறேன்; வாரம் ஒரு நாள் என் மகளும் வருகிறாள். ஆங்கஸ் உறுப்பினர் விரும்பினால் மான்ட்ரோஸ், ஃபோர்ஃபார்ஷயர் பக்கங்களையும் நானே எழுதித் தருகிறேன். அவற்றில் திருநெல்வேலியும் உதகமண்டலமும் வரும். அந்த வரிகளை வெட்டாமல் மாட்டுவீர்கள் என்றால் மட்டும் கடிதம் போடுங்கள்.

அன்புடன்,
டண்டீ வாக்காளர் ஒருவர்